சித்ரா பௌர்ணமிக்கு நான் சுட்ட பன்

ஒருவருடைய சமையலை இரண்டு பேர் அடுத்தடுத்துப் பாராட்டிவிட்டால் போதும், மூன்றாவதாக மாட்டுகிற ஆளை யாராலும் காப்பாற்ற முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன். இங்கே சமைத்தவள் நான். மாட்டியவர்கள், பாவம், அண்ணாமலையாரை நம்பி வெறுங்காலோடு மலை சுற்ற வந்த முந்நூறு பேர்.

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிற கடை ஒன்றில் நான் ஒருநாள் புளித்த மாவில் சுட்ட பிரெட்டைத் தின்றுவிட்டேன். அதிலிருந்து பிடித்தது பைத்தியம். சின்னதாக ஒரு ஓவன் வாங்கினேன். கண்ணாடி பாட்டிலில் கோதுமை மாவைப் புளிக்க வைத்து, தினமும் அதற்கு வேளை தவறாமல் மாவும் தண்ணீரும் ஊட்டினேன். (என் கணவர் பாஸ்கர், "எனக்கு சோறு போட்டுட்டு அதுக்குப் போடு" என்று கெஞ்சிய நாட்கள் உண்டு.) நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆசிரியர் அறையில் இருவர் என் பன்னைத் தின்றுவிட்டு, "பிரமாதம் டீச்சர், நீங்க கடையே போடலாம்" என்றார்கள். அந்த இரண்டு பேரும் இன்றுவரை அந்தப் பாவத்தைச் சுமக்கிறார்கள்.

இப்போது என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது வேங்கிக்காலில். கொழுந்தனார் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. வருடா வருடம் சித்ரா பௌர்ணமிக்கு அந்த வாசலில் பந்தல் போட்டு அத்தை தக்காளி சாதம் கொடுப்பார். வெங்காயம், பூண்டு கிடையாது. வேர்க்கடலை தாராளமாக இருக்கும். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "குடுத்தத ஒருத்தரும் வேணாம்னு கீழ வெக்கக்கூடாது." எல்லாம் முடிந்ததும் காலி அண்டாவைக் கவிழ்த்து எங்களுக்குக் காட்டுவார். அதைக் காட்டும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தை நகைக்கடையில் கூட நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த உச்சபட்சப் பதவி, கறிவேப்பிலை உருவுவது. கரண்டி எப்போதும் கொழுந்தனார் மனைவி செல்வியின் கையில்தான் இருக்கும். அந்த வருடம் வேலூரில் இருந்த என் நாத்தனாருக்குப் பிரசவ நேரம். அத்தை கிளம்பியாக வேண்டும். போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"கீதா, இந்த வாட்டி நீ பாத்துக்குவியா? தொக்கு நானே வதக்கி செல்வி வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன். நான் இல்லாட்டியும் என் கை இருக்கட்டும்னு. சோத்த வடிச்சிக் கிளறினா போதும். அண்டாவ கவுத்ததும் எனக்கு போன் போடு."

எனக்கு நெஞ்சு விம்மியது. கூடவே ஒரு சின்ன வருத்தம். சோறு வடித்துக் கிளறுவதற்கு நான் எதற்கு? இதில் என் திறமை எங்கே தெரியும்?

அன்று மாலையே பாஸ்கரிடம் சொன்னேன். "ஏங்க, வழி நெடுக பொங்கல், புளிசாதம், தக்காளி சாதம்னுதான் குடுக்கறாங்க. நாம மூணு வகை பிரெட் குடுத்தா எப்படி இருக்கும்?"

"அம்மாகிட்ட கேட்டியா?"

"சொல்லல. சர்ப்ரைஸ்."

"யாருக்கு?" என்றார். நான் அந்தக் கேள்வியின் ஆழத்தை அப்போது உணரவில்லை.

புளித்த மாவு பிரெட் பன்னிரண்டு, பூண்டு பிரெட் ஐம்பது துண்டு, மைதா பன் இருநூற்றைம்பது என்று கணக்குப் போட்டேன். என் ஓவனில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பன்தான் வேகும். அதனால் புளித்த மாவு பிரெட்டை மூன்று நாள் முன்னாடியே சுட்டு வைத்துவிட்டேன். நான் பின்பற்றிய வீடியோவில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், பிசைந்த பன் மாவை வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொன்னாள். சித்திரை மாதத் திருவண்ணாமலையில் வெதுவெதுப்பு இல்லாத இடம் ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான். நாற்பதாவது நிமிடம் சமையலறையிலிருந்து பாஸ்கர் குரல் கொடுத்தார்.

"கீதா... மாவு மூடிய தள்ளிட்டு வெளிய வருது."

வந்தது. அடுப்பு மேடையிலிருந்து தரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. தரை தொடாத பாகத்தை மட்டும் வழித்து எடுத்து மீண்டும் அடக்கினேன். மூன்று நாள் நான் தூங்கியதாக நினைவில்லை. ஆனால் பன் என்னவோ அழகாகத்தான் வந்தது. மேலே பால் தடவி, வெந்ததும் வெண்ணெய் தடவி, முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கிவிட்டேன். புளித்த மாவு பிரெட்டைத் தட்டினால் டொக் டொக் என்றது. அப்படிக் கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது என்று வீடியோவில் சொன்னாள். (எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கதவைத் தட்டினால்தான் வரும்.)

பௌர்ணமியன்று காலையிலேயே, பாதையில் வண்டிகளை நிறுத்துவதற்குள், எல்லாவற்றையும் அடி அண்ணாமலைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டோம். "அரிசி மூட்டைய எடுத்துக்கட்டுமா?" என்று பாஸ்கர் கேட்டார். "எதுக்கு?" என்றேன் நான். இந்த ஒரு வார்த்தைக்கான தண்டனையை அன்று மாலை முழுக்க அனுபவித்தேன்.

நான்கு மணிக்கு ஆரம்பித்தோம். பாதை நிறையக் கூட்டம். முதலில் வந்தவர் நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர். பன்னைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"முட்ட போட்டதா?"

"ஐயோ, இல்லீங்க."

"பளபளன்னு இருக்குதேம்மா?"

"பால் தடவினதுங்க."

"கடைல முட்டதான் தடவுவாங்க. நான் வெரதம்மா, வேணாம்" என்று பன்னைப் பூப்போல மறுபடி தட்டில் வைத்துவிட்டுப் போனார். அத்தையின் சட்டம் நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு உடைந்தது.

அடுத்து வந்த அம்மாளும் அதையே கேட்டார். அதற்கடுத்து வந்த நான்கு பேரும் அதையே கேட்டார்கள். பௌர்ணமி விரதத்தில் இருப்பவர்களிடம் பேக்கரிப் பளபளப்போடு ஒரு பொருளை நீட்டினால் வேறென்ன கேட்பார்கள்? இது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை. ஒருவர் மட்டும் கொஞ்சம் பொறுமையாக, "முட்ட இல்லாம எப்படிம்மா இவ்ளோ உப்பும்?" என்று கேட்டார். எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள்.

"ஈஸ்ட்டுங்க. அது ஒரு பூஞ்சை. ஒற்றைச் செல் உயிரி. சர்க்கரைய சாப்பிட்டு வாயுவ வெளியிடும், அதுல மாவு உப்பும்."

அவர் பன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உயிரோட இருக்குமா?"

"சுடும்போது செத்துடுங்க."

மலைப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்தவர்களிடம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது, எங்கள் பந்தலுக்கு நேராக வந்ததும் கூட்டம் கொஞ்சம் ஒதுங்கி நடக்க ஆரம்பித்தது. "பேசாம இரு அக்கா, நீ பேசறதுதான் ஜாஸ்தியா இருக்கு" என்றாள் செல்வி.

பாஸ்கர் தன் பங்குக்கு உதவினார். அட்டை ஒன்றில் பெரிய எழுத்தில் 'முட்டை சேர்க்காதது' என்று எழுதித் தொங்கவிட்டார். அதைப் படித்த இருவர், "அது இன்னாத்துக்குத் தனியா எழுதி வெச்சிருக்காங்க?" என்று பேசிக்கொண்டே போனார்கள்.

சரி, பூண்டு பிரெட்? மூடியைத் திறந்ததும் வாசனை அக்னி லிங்கம் வரை போயிருக்கும். விரதக்காரர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். புளித்த மாவு பிரெட்டை முகர்ந்த ஒரு பாட்டியம்மா என்மேல் உண்மையான அக்கறையோடு, "ஊசிப் போச்சும்மா, யாருக்கும் குடுத்துடாத" என்றார். இன்னொருவர் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இருக்கறதே நாலு பல்லு" என்று கைகூப்பித் திருப்பிக் கொடுத்தார்.

ஒரே ஒருவர்தான் வாங்கினார். காவி கட்டிய ஒரு சாமியார். அந்தப் புளித்த மாவு பிரெட்டில் முழுசாக ஒன்றைக் கையில் எடை பார்த்து, இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்து, முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞானிக்குத்தான் நல்ல பிரெட் தெரியும் என்று செல்வியிடம் சொன்னேன்.

ஐந்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அத்தை.

"எவ்ளோ போச்சு கீதா?"

"போயிட்டே இருக்குது அத்த. நிக்கக்கூட நேரம் இல்ல." (நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒன்றரை மணி நேரமாக.)

"வீடியோ போடு, ஒரு வாட்டி பாத்துக்கறேன்."

பாஸ்கர் சட்டென்று போனைப் பிடுங்கி, பக்கத்து வீட்டு நீர்மோர்ப் பந்தல் பக்கம் திருப்பினார். அங்கே நல்ல வரிசை. "பாரும்மா கூட்டத்த" என்றார்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "நாம எப்படா மோர் ஊத்த ஆரம்பிச்சோம்?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அத்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அரிசியும் எடுத்தாரலையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "சரி, வெச்சிடறேன்" என்றார். பத்து வருடத்தில் முதல்முறையாக என்னை நம்பிக் கொடுத்த காரியம். பன் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். சாலையில் போனவர்கள் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

செல்விக்கு என் அழுகையைவிடத் தன் பசி பெரிதாக இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை அவள். உள்ளே போய்த் தொக்கைக் கொஞ்சம் சூடுபண்ணி எடுத்து வந்தாள். இரண்டு பன்னைப் பிய்த்துத் தொன்னையில் போட்டு, தொக்கை விட்டுப் பிசறி, ஒரு கை வறுத்த கடலையைத் தூவி, நின்றபடியே தின்ன ஆரம்பித்தாள். கடந்து போன ஒரு பெண் நின்றார்.

"அது இன்னாங்க? நல்லா வாசனையா இருக்குதே. அதுல கொஞ்சம் குடுங்க."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

அடுத்த பத்து நிமிடத்தில் அண்டா அடுப்பில் ஏறியது. நானும் பாஸ்கரும் வெறிபிடித்தவர்கள் மாதிரி பன்னைப் பிய்த்தோம். மூன்று நாள் பாலும் வெண்ணெயும் தடவி நான் மினுக்கிய பன்னை! பிய்த்துத் தொக்கில் புரட்டியதும் அந்தப் பளபளப்பு போன இடம் தெரியவில்லை. நம்பமாட்டீர்கள், அதற்கப்புறம் ஒருவர்கூட முட்டை பற்றிக் கேட்கவில்லை. ஒருவர் தக்காளி உப்புமா என்றார், ஒருவர் ஏதோ புது மாதிரிப் பிரசாதம் என்றார். நான் வாயே திறக்கவில்லை. வரிசை மோர்ப் பந்தலைத் தாண்டிப் போய்விட்டது. நெற்றி நிறைய விபூதி பூசிய இன்னொருவர் இரண்டாவது தடவை வந்து வாங்கினார். ஏழு மணிக்கு அண்டாவில் கரண்டி உரசியது.

வீடியோவில் அத்தையைக் கூப்பிட்டேன். பன்னைத் தொக்கில் பிசறிக் கொடுத்த கதையைச் சொல்லி, அண்டாவைக் கவிழ்த்துக் காட்டினேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஓரத்துல ஒரு துண்டு ஒட்டியிருக்குது பாரு, வழிச்சி யாருக்காவது குடு" என்றார். பிறகு, "கடல கம்மியா போட்டியா?" என்றார். அத்தை குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு மறுபடி அழுகை வந்தது.

மறுநாள் காலை பந்தலைப் பிரிக்கப் போனோம். எதிரே வேப்பமரத்தடியில் நேற்றைய சாமியார் படுத்திருந்தார். தலைக்கடியில், காவித் துண்டில் நேர்த்தியாகச் சுற்றி, என் பிரெட். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து அதை அன்போடு தட்டிக் காட்டினார். டொக் டொக்.

"கழுத்துக்கு எதமா இருக்குதும்மா. ஒரு வருஷம் தாங்கும்."

பாஸ்கர் நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் தலையணை என்ற சொல்லே இல்லை. "அந்த பிரெட்ட இப்படித் தள்ளு" என்பதுதான் பேச்சு. வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கினால், "கீதா, அவருக்கு நல்லதா ஒரு பிரெட் எடுத்துப் போடு" என்று அத்தையே சொல்வார். வந்தவர் இரவு பசியில்லை என்று மறுப்பார்.

இப்போது சித்ரா பௌர்ணமிக்கு ஒரு அண்டா தக்காளி சாதம், ஒரு அண்டா தக்காளி பன். கரண்டி என் கையில். பன்னுக்குப் பால் தடவத் தடை. அடுத்த வருடமே சாமியார் வரிசையில் வந்து நின்றார். அத்தை அவருக்குத் தொன்னையை நீட்டினார். வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, போன வருஷத்துது மழையில ஊறிப் போச்சு. வேற ஒண்ணு இருக்குதா?"

ஆகவே வருடத்துக்கு ஒன்று, மூன்று நாள் முன்னதாக, அவருக்கென்றே சுடுகிறேன். நான் சுட்டதில் இன்றுவரை ஒருவரும் கீழே வைக்காத பிரெட் அது ஒன்றுதான்.