பனி ஆசாரியும் எங்கள் வீட்டு ரவையும்

அடுத்தவர் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவர்களை வரிசையாக நிற்க வைத்தால், முதல் இடம் எங்கள் பக்கத்து வீட்டுப் பனி ஆசாரிக்குத்தான். இரண்டாவது ஆள் நாலு மைல் தள்ளித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் எனக்குக் குமாஸ்தா வேலை. கல்யாணமாகி ஆறே மாதம். நாங்கள் குடியேறிய வீட்டுக்கும் ஆசாரியின் பட்டறைக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான் இருந்தது. முதல் நாளே அவர் அந்தச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, என் மனைவி செண்பகத்திடம், "எனக்குக் கூடப் பொறந்த பொறப்பு யாரும் இல்ல. இனி நீதான் தங்கச்சி" என்றார். அதோடு என் சம்மதம் இல்லாமலே நான் மாப்பிள்ளை ஆனேன். அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குச் சீர் போவதுதான் ஊர் வழக்கம். எங்கள் விஷயத்தில் அது தலைகீழாக ஓடியது.

மரத்தில் செதுக்குவதில் ஆசாரி கெட்டிக்காரர். அவர் நிலைக்கதவில் செதுக்கிய கிளியின்மேல் நிஜப் பூனை பாய்ந்ததாகச் சொல்வார்கள். சொன்னவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

எனக்கு வினை மாதா கோயில் சாமியார் ரூபத்தில் வந்தது. கடல் கடந்து வந்தவர் அந்தச் சாமியார். முப்பது வருஷம் இங்கேயே இருந்து, நம்மைவிட நன்றாக நம் ஊர்த் தமிழ் பேசுவார். அந்த வருஷம் அவருடைய தாயார் ஊரில் இறந்துபோனார். கடிதம் இங்கே வந்து சேர்வதற்குள் அங்கே அடக்கமே முடிந்துவிட்டது. பிறந்த வீட்டை ஒரு தாளில் வரைந்து காட்டி, "ஆசாரி, இத மரத்துல செஞ்சு தாய்யா. கிறிஸ்துமஸ் நேரத்துல எங்க வீட்டு மேல பனி கெடக்கும். அதே மாதிரி இருக்கணும்" என்றார்.

பனி என்றால் ஆசாரிக்குத் தெரிந்தது மார்கழிப் பனி. வீட்டை அழகாகச் செதுக்கி, கூரையெங்கும் வார்னிஷைத் துளித்துளியாக நிறுத்திக் கொண்டுபோனார். சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது மழையில நனைஞ்ச வீடுய்யா. எங்க ஊர்ப் பனி வெள்ளையா, மாவு கொட்டுன மாதிரி கெடக்கும்."

மாவு என்ற வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் சுவருக்கு மேல் தலை முளைத்தது. "தங்கச்சி, கொஞ்சம் பச்சரிசி மாவு குடேன்." மாவைப் பசையில் குழைத்துப் பூசினார். மூன்றாம் நாள் பூசணம் பிடித்துப் பனி பச்சையானது. அடுத்து எங்கள் ரவை. அதை அணில்கள் குடும்பத்தோடு வந்து தின்றுவிட்டுப் போயின. அடுத்து உப்பு. ஐப்பசி அடைமழைக் காற்றில் கசிந்து கூரையிலிருந்து ஒழுகியது. கடைசியாகச் சீனி. தெருவிலிருந்த எறும்பெல்லாம் படையெடுத்து, வெள்ளை வீடு ஒரே பகலில் கறுப்பு வீடாயிற்று.

"யோவ், என் காப்பிக்குச் சீனி இல்லய்யா!" என்று கத்தினேன்.

"கருப்பட்டி போட்டுக் குடிங்க மாப்ளே. ஒடம்புக்கு நல்லது."

"அண்ணன் சொல்றதும் சரிதானே?" என்றாள் செண்பகம். என் வீட்டில் எனக்கு ஆள் பலம் அவ்வளவுதான்.

கையில் மிஞ்சிய வெள்ளைப் பசையை வீணாக்கக் கூடாதென்று, ஆத்தூர் விவசாயி ஒருவர் புது வீட்டுக்குச் செய்யச் சொல்லியிருந்த கஜலட்சுமி கதவில் ஆசாரி ஒரு வெள்ளோட்டம் பார்த்தார். கதவை எடுத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய்யா, எங்க லட்சுமிக்கு என்னய்யா இம்புட்டுப் பொடுகு?"

"பொடுகு இல்லப்பு, பனி."

"ஆத்தூர்ல ஏதுய்யா பனி? பால் காய்ச்ச ஒம்பது நாள்தான் இருக்கு!"

அவரைக் கையைப் பிடித்துச் சமாதானப்படுத்தியவன் நான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து லட்சுமியின் தலையைச் சுரண்டியவனும் நான்தான். ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, பாக்காத சாமிக்கு எப்படிக் கண் தொறக்கிறது? கொடைக்கானல் போவோம். அங்க வெள்ளையாப் பனி விழுகுதாம்."

'போவோம்' என்றதில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. விடிகாலையில், ஒற்றைத் துண்டைப் போர்த்திக்கொண்டு கொடைக்கானல் ஏரிக்கரையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. ஆசாரி அதில் குப்புறப் படுத்து நாக்கை நீட்டி நக்கினார்.

"எந்திரிங்கய்யா, ஆளுக பாக்குறாக!"

"மாப்ளே, குனிஞ்சு பாருங்க. பனி ஒட்டல, உக்காந்திருக்கு! வானத்தப் பாத்த பக்கமெல்லாம் வெள்ளை, அடிப்பக்கம் சுத்தமா இருக்கு. பள்ளத்துல லேசா நீலம் ஓடுது. இம்புட்டு நாளா நான் பனி போடல, வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கேன்."

அவருக்கு ஞானம் வந்தது. எனக்கு ஜலதோஷம் வந்தது.

ஊர் திரும்பியதும் தோலிலும் எலும்பிலும் செய்கிற வச்சிரப் பசையைக் காய்ச்சினார். அந்த நாற்றத்தில் ஒரு வாரம் நான் கிளப்புக் கடையில் சாப்பிட்டேன். அதில் சுண்ணாம்புத் தூளைக் கெட்டியாகக் குழைத்து, முனை நசுக்கிய வேப்பங்குச்சியால் கூரைமேலும் ஜன்னல் விளிம்பிலும் மட்டும் பொதபொதவென்று வைத்தார். அடிப்பக்கம் தேக்கு தேக்காகவே இருந்தது. பள்ளங்களுக்கு நீலப் பொடி, என் வேஷ்டிக்கு வைத்திருந்தது. ஈரம் காயுமுன் காக்காப்பொன் என்கிற மைக்காவைப் பொடித்து ஊதினார். அது மினுங்கியபோது எனக்கே குளிர்ந்தது. ஆனால் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். சாமியார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "புகைபோக்கியச் சுத்தி மட்டும் மரம் தெரியுதே. மறந்துட்டியா ஆசாரி?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பாடுபடுத்திவிட்டு ஒரு மூலையை விட்டுவிட்டாரே பாவி!

"மறக்கல சாமி" என்றார் ஆசாரி. "உள்ள அடுப்பு எரியுதுல்ல. ஆத்தா சமைச்சுக்கிட்டு இருக்காக. அந்தச் சூட்டுல பனி எப்படி நிக்கும்?"

சாமியார் அந்த இடத்தில் ஒரு விரலை வைத்தார். எடுக்கவில்லை. அவருடைய பாஷையில் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

உச்சி வெயிலில் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். ஆசாரி கையிரண்டையும் பார்த்துக்கொண்டே வந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. மனுஷர் ரவையோ சீனியோ எதையாவது கேட்டுத் தொலைக்க மாட்டாரா என்று இருந்தது எனக்கு.