ஆறு படகும் ஒரே அச்சு

இந்த வருஷம் யாக்கோபை மண்ணைக் கவ்வ வைப்பது என்று முடிவு செய்தேன். ஏரி என்பதால் சேற்றைக் கவ்வினாலும் எனக்குச் சம்மதம்.

பன்னிரண்டு வருஷப் பகை. என் மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "ரசத்துல உப்பே இல்ல" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னவன்.

பென்னலூர் பக்கம் எங்கள் ஃபைபர் பட்டறையில் பந்தயப் பாய்மரப் படகு செய்கிறோம். ஒரு ஆள் உட்காரும் சின்னப் படகு. எல்லாம் ஒரே அச்சு, ஒரே எடை, ஒரே பாய். ஜெயித்தால் அது ஓட்டுகிறவன் சாமர்த்தியம். யாக்கோபு பாய் கட்டுகிறவன். என் மனைவி அம்சவல்லி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவள். நான் வாட்ச்மேன். சோதனைக்கு ஓட்டி ஓட்டி எல்லாருக்கும் பழக்கம்.

ஆயுத பூசையன்று எனக்கும் அவனுக்கும் பந்தயம். தோற்றவன் வீட்டில் ஜெயித்தவனுக்குச் சாப்பாடு.

ஏரியில் ஆறு படகு மிதந்தன. அவிழ்த்துக் கொடுப்பது என் வேலை. முந்தின நாள் இருட்டிலேயே ஒரு படகின் சுக்கானுக்கு அடியில், தண்ணீருக்குள், பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கட்டிவிட்டேன். யானை இழுத்தாலும் நகராது. அடையாளத்துக்கு அதன் மூக்கில் குங்குமப் பொட்டு. பூசை நேரம், யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் போய்ப் பார்த்தால் ஆறு படகின் மூக்கிலும் பொட்டு.

குங்குமக் கிண்ணத்தோடு நின்ற அம்சவல்லியிடம், "இன்னாடி இது?" என்றேன்.

"பூசைக்குப் பொட்டு வெக்காம பின்ன பவுடரா போடுவாங்க?"

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணுக்கு வெச்சி ஒண்ண வுட்டா சாமி கோச்சுக்காதா?"

யாக்கோபு தொடையைத் தட்டிக்கொண்டு வந்தான். "எல்லப்பா, எனக்கு எதுப்பா?"

இருட்டில் குடத்தை எதில் கட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்சவல்லி என் காதில் சொன்னாள். "மூணாவதுல ஏறுய்யா. அதுக்கு மட்டும் கற்பூரம் ரெண்டு தபா காட்டிகீறேன்."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள். நம்பி ஏறினேன்.

காற்று அடித்தது. பாய் புடைத்தது. நான் மட்டும் அங்கேயே இருந்தேன். யாக்கோபு அக்கரையைத் தொட்டுத் திரும்பி வரும்போது எனக்குக் கை வேறு ஆட்டினான்.

கரையேறியதும் அம்சவல்லி தண்ணீரில் கைவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். "பச்சைக் கொடத்த வூடு முழுக்கத் தேடினேன்யா. காலைல வந்தா, நான் வெக்கறதுக்கு முன்னாடியே ஒரு படகுல பொட்டு. குனிஞ்சி பாத்தேன்."

"என்னைக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"சீ. சோறு போடப் போறேன்."

அன்று மதியமே விருந்து. யாக்கோபு ரசத்தை டம்ளரில் வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

"அம்சா, ரசம் அமிர்தம். உப்பு, புளி எல்லாம் கரெக்டு."

பகை தீர்ந்த நிம்மதியில் நானும் என் டம்ளரை எடுத்துக் குடித்தேன். பார்க்க எல்லா டம்ளரும் ஒரே அச்சுதான்.

என்னுடையதில் மட்டும் உப்பே இல்லை. யாக்கோபை எதிரில் வைத்துக்கொண்டு, அதை எந்த வாயால் சொல்வது?