அடுக்கக்காவும் மைனஸ் ஒன்றரையும்

பின்னத்தைக் கண்டால் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிற பெண், நாஞ்சில் நாட்டிலேயே அடுக்கக்கா ஒருத்திதான். 2007 வாக்கில் கோட்டாறில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்துகொண்டு எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அடுக்குச் சமன்பாடு என்றால் எங்களுக்குக் காய்ச்சல் வரும். அவளுக்குப் பசி எடுக்கும். அதனால் அந்தப் பெயர். ஊர் கடியப்பட்டணம். உண்மைப் பெயர் வார்டனுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் (1/8)ˣ = 4 என்ற கணக்குக்கு லாக் போடலாம் என்று கால்குலேட்டரை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கி ரசவாளிக்குப் பின்னால் வைத்தாள்.

“ஏட்டி, இந்த எட்டில ஒண்ணு யாருன்னு தெரியுமா? நம்ம ரெண்டாக்கும். அடுக்கில மைனஸ் மூணு வச்சு வேஷம் கட்டி நிக்கி. நாலும் ரெண்டுக்க அடுக்குதான். ரெண்டு பக்கமும் அடி ஒண்ணாயிட்டா அதை விட்டிரு. மேல உள்ளதை மட்டும் பாரு.”

மைனஸ் மூன்று எக்ஸ், இரண்டுக்குச் சமம். எக்ஸ், மைனஸ் மூன்றில் இரண்டு.

“விடையும் பின்னமாத்தானே வந்திருக்கு?” என்றேன்.

“வரட்டும். அடியில வந்து குடியிருக்கதுதான் எனக்குப் பிடிக்காது.”

இப்படிப்பட்டவளைப் பெண் பார்க்கக் குளச்சலில் இருந்து ஒரு மாப்பிள்ளை அம்மாவோடு வந்தார். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். விசிட்டர் அறைக்கு ஜூஸ் கொண்டுபோனது நான். அவர் வாயைத் திறப்பதற்குள் அடுக்கக்கா பிஸ்கட் கவரின் உள்பக்கத்தில் (1/9)ˣ = 27 என்று எழுதி நீட்டினாள். அவர் செல்போனை எடுத்தார்.

“போனை உள்ள வையுங்க.”

“மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்குத பெண்ணை இப்பத்தான் பாக்கேன்,” என்று அம்மா எழுந்தார்.

“பாஸாகணும்னு இல்ல மாமி. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுவாரான்னு பாக்கணும்.”

அம்மா வெளியே போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திய சத்தம் மாடி வரை கேட்டது. சம்பந்தம் முடிந்தது என்று நான் கிளாஸ்களை எடுக்கப் போனேன். மாப்பிள்ளை எழும்பவில்லை.

“எனக்குத் தெரியாது. சொல்லித் தந்தா கேட்டுக்கிடுவேன்,” என்றார்.

அடுக்கக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒன்பதில் ஒன்று, மூன்றின் மைனஸ் இரண்டாம் அடுக்கு. இருபத்தேழு, மூன்றின் மூன்றாம் அடுக்கு. வெளியே ஹாரன் அடித்தது. அவர் மைனஸை எழுதாமல் விட்டுவிட்டார். ஹாரன் நீளமாக அடித்தது. மறுபடியும் விட்டார். ஹாரன் நிற்கவே இல்லை. வியர்த்து ஒழுக, ஒருவழியாக மைனஸ் ஒன்றரை என்று எழுதி முடித்தார்.

“சரிதான்,” என்றாள் அடுக்கக்கா. அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவைச் சமாதானப்படுத்த அவர் லீவை நீட்ட வேண்டியதாயிற்று. நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு கல்யாணம், பிறகு மஸ்கட்.

அவள் மஸ்கட்டுக்குப் போன மறுவாரம் ஹாஸ்டலில் சேர வந்த ஒரு பெண், காலியாகக் கிடந்த அடுக்கக்காவின் கட்டிலைக் காட்டி, “இதில ஆளு உண்டா அக்கா?” என்று கேட்டாள்.

“உண்டு,” என்றேன்.