பல்வலின்னு சொல்லிடு

சட்டம் படிக்காத வக்கீல் என்றொரு இனம் உண்டு. அடைக்கலம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைக்கும் விடுதி எந்த ஊரில் இருந்தாலும், அதன் சாப்பாட்டுக் கூடத்தில் இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைத் தேட வேண்டியதில்லை. நீங்கள் தேநீர் பிடிக்கக் கோப்பையை நீட்டும்போதே, "உன் கேஸ் எந்த நிலையில இருக்கு?" என்று அவரே தேடி வருவார்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஒரு காலத்தில் கல்யாணங்கள் நடந்த பழைய ஹோட்டல் ஒன்று இப்போது அப்படி விடுதியாகியிருக்கிறது. அதற்கு வாய்த்தவர் கிவ்மோர். ஜிம்பாப்வேயில் பஸ் கண்டக்டராக இருந்தவர். எல்லா நாட்டுக்காரர்களுக்கும் அவர் 'முக்கோமா', அதாவது அண்ணன். பகலில் காளான் பண்ணையில் வேலை, மாலையில் சட்டம்.

அவருக்கு வேலை அனுமதி எப்படிக் கிடைத்தது தெரியுமா? அடைக்கலம் கேட்டு மனுக் கொடுத்தார். அலுவலகம் அவரை மறந்துவிட்டது. ஆறு மாதமாகியும் முடிவு வராதவர்கள் வேலை பார்க்கலாம் என்பது விதி. அதனால் கிடைத்தது. அவ்வளவுதான். அவரைக் கேட்டால், "சும்மாவா குடுத்தான்? காய் நகர்த்தணும்பா, காய் நகர்த்தணும்" என்பார்.

அந்த விதியின் அழகைப் பாருங்கள். ஊர் முழுக்க அதிகாரிகள் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று ஏங்கும்போது, இந்த ஹோட்டலில் மட்டும் மூன்று மதத்துக்காரர்கள் அவர்களுடைய சோம்பல் இன்னும் கொஞ்ச நாள் நீடிக்க வேண்டும் என்று உருகி உருகிப் பிரார்த்திக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் 'இல்லை' என்று முடிவு வந்துவிட்டால் வேலையும் இல்லையே!

ஹராரேயிலிருந்து வந்த தாரிரோவும் அப்படித்தான் பிரார்த்தித்தாள். அவள் அங்கே வயதானவர்களைப் பராமரித்தவள். இங்கே பக்கத்துத் தெருவிலேயே ஒரு முதியோர் இல்லம். அதை நடத்தும் நோரீன், "அனுமதியோட வாம்மா, மறுநாளே சேத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். ஐந்து மாதமாகக் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த தாரிரோவுக்கு அந்தப் பேச்சுதான் சோறு, தண்ணீர் எல்லாம். அந்த நேரம் பார்த்து விசாரணைக்கு அழைப்பு வந்தது.

"முக்கோமா, அடுத்த வாரமே வரச் சொல்றாங்க. போகட்டுமா?"

"போனியோ, தொலைஞ்சே! சட்டுனு முடிவு அனுப்பிடுவான். பல்வலின்னு சொல்லிடு."

"என் பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"போன்ல உன் பல்லையா எண்ணப்போறான்? தள்ளிப்போடு. ஆறு மாசம் தாண்டட்டும், அப்புறம் பாரு இந்த அண்ணன் யாருன்னு."

பக்கத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஜார்ஜியாக்காரர் லாஷா தலையை நீட்டினார். "உன் கேஸைப் பாக்குற வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

"அந்தப் பொண்ணா? ஒரு நாளாவது இந்த ஹோட்டல் மெத்தையில படுத்திருக்காளா அவ? அவளுக்கு என்ன சட்டம் தெரியும்?"

லாஷா ரொட்டிக்குத் திரும்பிவிட்டார். அந்த ரொட்டியிலேயே ஒரு துண்டைப் பிய்த்து, தாரிரோவின் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ளச் சொல்லி, எப்படி முனக வேண்டும், எந்த இடத்தில் 'ஐயோ' வர வேண்டும் என்று கிவ்மோர் ஒத்திகையும் நடத்திவைத்தார். தாரிரோ அப்படியே பேசினாள். எதிர்முனையில் இருந்த அம்மாள் பாவம், உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள். விசாரணை தள்ளிப்போயிற்று. அன்று கிவ்மோர், சமைக்கக் கூடாத தன் அறைக்குள் ரகசியமாகச் சோளக்களி கிண்டி விருந்து வைத்தார்.

ஆறு மாதம் தாண்டியது. தாரிரோ வேலை அனுமதி கேட்டு எழுதினாள். பதில் வந்தது: தாமதத்துக்கு நீங்களே காரணம், ஆகவே அனுமதி இல்லை.

கிவ்மோர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ரொட்டியை எந்தப் பக்கம் வெச்ச?"

"இடது பக்கம்."

"அதான்! வலது பக்கம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"நோரீன் வேற ஆளச் சேத்துக்கிட்டாங்க, முக்கோமா."

கிவ்மோர் தேநீரைக் கலக்கினார். அவர் சர்க்கரை போடவே இல்லை. 'எனக்குத் தெரியாதும்மா' என்ற வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லிப் பழகாத வார்த்தை அது. வெளியே வரும் வழி அதற்குத் தெரியவில்லை.

"மறுபரிசீலனை கேக்கலாம். நான் சொல்லச் சொல்ல எழுது..."

தாரிரோ எழுந்து, மழையில் நனைந்தபடி, நேராக அந்த வக்கீலிடம் போனாள்.

"யாரும்மா உனக்கு இந்த யோசனை குடுத்தது?"

"நானாத்தான் செஞ்சேன்" என்றாள் தாரிரோ.

மறுபரிசீலனை மனு போயிருக்கிறது, பதில் இல்லை. கிவ்மோர் புதிதாக வந்த ஒருவருக்கு இப்போது முதுகுவலி சொல்லிக்கொடுக்கிறார்.

அது சரி, உங்களைப் பற்றியும் பேசுவோம். இதைப் படிக்கும்போது, 'பல்வலி என்றா சொல்வார்கள்? காய்ச்சல் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்!' என்று உங்களுக்கு ஒரு கணமாவது தோன்றியதா? மறைக்காதீர்கள். தள்ளிப்போன விசாரணைக்குத் தாரிரோவுக்குப் புது நாள் குறித்திருக்கிறார்கள். தயவுசெய்து அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.