கம்பைல் அண்ணன் கட்டிய பிரவுசர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிடிவாதக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தால் அதில் கம்பைல் அண்ணனைச் சேர்க்க மாட்டார்கள். அவரைப் பார்த்தால் மற்ற உறுப்பினர்களுக்கு மனசு விட்டுப்போகும்.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டை அவரும் நானும் செல்வாவும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அவருக்குச் செராஸில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாப்பிட்டாச்சா, மழை வருதா, உடம்பு எப்படி, எதைக் கேட்டாலும் "கம்பைல் ஓடுது" என்பார். அதாவது, மனுஷன் எழுதிய புரோகிராமைக் கணினி தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் கிள்ளானில்தான் ஆரம்பித்தது. தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க ஜமீலா அக்காவின் அச்சுக்கடைக்குப் போயிருக்கிறார். அக்காவின் கணினி மிகப் பழசு. இந்தக் காலத்து வெப்சைட் ஒன்றும் அதில் திறக்காது. வாடிக்கையாளர் ஆன்லைனில் அனுப்புகிற படத்தைப் பார்க்க, ஒவ்வொரு தடவையும் பக்கத்து ஃபோட்டோஸ்டேட் கடைக்கு ஓடுவார்.

"புதுசு வாங்கலாமேக்கா?"

"மகன் வாங்கி வச்சிட்டான் தம்பி. அதுல என் தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சு உடைஞ்சு வருது. செஞ்ச டிசைன் பூரா இந்தப் பழசுலதான் இருக்கு. அடுத்த பெருநாள் முடிஞ்சதும் இதைப் பழைய இரும்பு லோரியில ஏத்திடுவேன்னு நிக்கிறான்."

"இதுக்கு ஒரு புது பிரவுசர் நான் செஞ்சு தர்றேன் லா," என்றார் அண்ணன், ஒரு கிளாஸ் தே தாரே வாங்கித் தருகிறவர் மாதிரி.

பிரவுசர் செய்கிறவர்கள் அந்தப் பழைய ரகச் சிப்பை எப்போதோ கைகழுவிவிட்டார்கள். புரோகிராம் என்னவோ இலவசமாகக் கிடைக்கும். ஆனால் எல்லாம் புதுச் சிப்பை நினைத்து எழுதியது. லட்சக்கணக்கான வரிகளுக்குள் நுழைந்து, பழைய சிப்புக்குப் புரியாததையெல்லாம் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும். அண்ணன் அதே ரகக் கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து எங்கள் ஹாலில் வைத்தார். ஓட ஆரம்பித்தால் விமானம் கிளம்புகிற சத்தம். நாங்கள் டிவியை வாயசைவில் பார்க்கப் பழகினோம்.

"புது லேப்டாப்புல கம்பைல் பண்ணி இதுல கொண்டாந்து போடலாமேண்ணே?" என்று செல்வா கேட்டான்.

"போடலாம். ஆனா இந்த அடுப்புல வேகுதான்னு இந்த அடுப்புலதானே பாக்கணும்?"

அந்த அடுப்பு எரியும்போது அயர்ன் பாக்ஸ் போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். பாதியில் நின்றால் பல மணி நேர வேலை போச்சு. அதனால் வீட்டில் துணி தேய்க்கத் தடை. செல்வா கசங்கிய சட்டையோடு பேங்குக்குப் போய் வந்தான். ஒரு நாள் அவன் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல எல்லாம் ஓக்கேதானே?" என்று கேட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவுசர் கண் திறந்தது. ஆசையாகச் செல்வா தன் நிச்சயதார்த்தப் படங்களைத் திறந்தான். மாப்பிள்ளை, பெண், மாமனார், அத்தனை பேர் முகமும் நீலம்.

"என்னண்ணே, எல்லாரும் மூச்சு முட்டிப் போன மாதிரி இருக்காங்க?"

"படம் வந்துருச்சு பாத்தியா," என்று அண்ணன் பூரித்துப்போனார். பழைய சிப்பு எண்களை எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்குமாம். அதில் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டனவாம். அதைச் சரிசெய்ய இன்னும் சில வாரம் பிடித்தது. அதற்குள் பெருநாள் நெருங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் காஜாங்கில் அவருக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. கம்பைல் கடைசிக் கட்டத்தில் இருந்தது. நிறுத்த மாட்டேன் என்றார். காரில் இன்வெர்ட்டர் வைத்து, கணினியை ஓட்டிக்கொண்டே போனோம். பெண் வீட்டுக்குள் அவர் நுழைந்தது கணினியைக் கட்டிப்பிடித்தபடி. பின்னால் நான், பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. சார்ஜ் தீரப்போகிறது என்று அது பீப் பீப் என்று அலறியது. வணக்கம் சொல்ல அவருக்குக் கை இல்லை.

"அங்கிள், பிளக் எங்க இருக்கு?" இதுதான் வருங்கால மாமனாரிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

செருகினார். வீடு முழுக்கக் கரண்டு போயிற்று. பெண்ணின் அப்பா முகம் போன போக்கைப் பார்த்து நான் காருக்குப் போகும் வழியைக் கணக்குப் போட்டேன். உள்ளேயிருந்து மாலினி வந்தாள், ஸ்கூல் டீச்சர். நேராகப் போய் சுவிட்சைத் தூக்கிவிட்டு, ஏர்கோனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இது யாருக்கு?"

"கிள்ளான்ல ஒரு அக்காவுக்கு."

"சொந்தமா?"

"இல்ல. செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டேன்."

மாலினி கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்பா, இது முடியிற வரைக்கும் ஏர்கோன் போட வேணாம்," என்றாள். அந்த வெக்கையில் எல்லாரும் வேர்த்துக்கொட்ட உட்கார்ந்து கேசரி சாப்பிட்டோம். கம்பைல் முடிந்தது. சம்பந்தமும் முடிந்தது.

பெருநாளுக்கு முந்தின வாரம் அண்ணனும் நானும் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனோம். அவர் பிரவுசரை ஏற்ற, ஜமீலா அக்கா ஒற்றை விரலால் முகவரியைத் தட்டினார். பக்கம் திறக்க எடுத்த நேரத்தில் ஒரு ஆட்டைப் பிடித்து பிரியாணி ஆக்கியிருக்கலாம். மெதுவாக, மேலிருந்து கீழே, யாரோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய பத்திரிகைப் படம் வந்தது. ரோஜா ரோஜா நிறத்திலேயே இருந்தது.

அக்கா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "லோரிக்காரன வர வேணாம்னு சொல்லுடா," என்று மகனிடம் சொன்னார். அவனும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுப் போனை எடுத்தான்.

திரும்பும் ரயிலில் ஷா ஆலம் தாண்டும்போதே அண்ணன் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். நாங்கள் இறங்க வேண்டிய கே.எல். சென்ட்ரல் வந்தது, கதவு திறந்தது. எழுப்ப மனசு வரவில்லை. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு நிதானமாகத் திரும்பி வந்தோம்.