கேளாமல் வந்த வைஃபை வைத்தியர்

நீங்கள் எந்த ஊருக்குப் பயணம் போனாலும், உங்களுக்கு முன்பே ஒருவர் அங்கே வந்து இறங்கியிருப்பார். அவருக்கு வைஃபை தெரியும். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் தெரியும்.

சிவகரனைப் பாருங்கள். புத்தூர்க்காரர், கொழும்பில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. மச்சாளின் மகளுடைய கலியாணத்துக்கு வந்தவர், வீடு நிறைய ஆட்கள் என்பதால் குருநகர்ப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். காலை ஒன்பதேகால். புட்டை முடித்துக் கைகழுவித் திரும்பியவரின் கண்ணில், அடுத்த மேசையில் மடிக்கணினிக்கு முன்னால் முகம் வாடியிருந்த மன்னார்ப் பெண் ஜெசிதா பட்டாள். நோயாளியைக் கண்ட வைத்தியர்போல் அவர் முகம் மலர்ந்தது.

"என்ன பிள்ளை, வைஃபை வேலை செய்யேல்லையோ?"

"கனெக்ட் எண்டுதான் காட்டுது அண்ணை. ஒண்டும் திறக்குதில்லை. பத்து மணிக்கு எனக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் நேர்முகம். போன வருசமும் தவறிப்போச்சு."

"இஞ்சை தாங்கோ."

தந்தாள். வேறென்ன செய்வாள்?

கணினியை அணைத்து மறுபடி போட்டார். இருந்த இணைப்பை அழித்தார். அழித்தபின் கடவுச்சொல் தேவைப்படவே, குளித்துக்கொண்டிருந்த விடுதிக்காரரைத் துவாயோடு வெளியே வரவழைத்தார். மேசையை யன்னலடிக்கு இழுத்தார். யன்னலுக்கு வெளியே நின்ற முருங்கையைச் சந்தேகத்தோடு பார்த்தார். "உந்தச் சுவர் சுண்ணாம்புக் கல்லு, சிக்னலைக் குடிக்கும்" என்றார். சுவர் மறுக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு சின்னப் பக்கம் எழும்பி எதையோ கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் அதை மூடினார்.

"அண்ணை, அது ஏதோ கேக்குது..."

"விளம்பரம் பிள்ளை. உதுகளைத் தொட்டால் வைரஸ் வரும்."

பத்துக்கு ஐந்து நிமிடம். ஜெசிதாவின் கண் கலங்கிவிட்டது. சிவகரனுக்கும் வியர்த்தது. 'எனக்குத் தெரியாது' என்ற இரண்டு சொற்கள் தொண்டைவரை வந்து நின்றன. நல்ல மனிதர்தான், ஆனால் அந்த இரண்டு சொற்களையும் அவர் பிறந்த நாள் முதல் வெளியே விட்டதில்லை. விழுங்கினார். "பழைய லப்டொப். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடவேணும்" என்றார்.

"அண்ணை, கையை எடுங்கோ!"

பறித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஐந்தாம் முறை எழும்பியது. 'விடுதி விதிகளை ஏற்கிறேன்' என்றிருந்த இடத்தில் ஒரு தரம் அழுத்தினாள். இணையம் வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

அடுத்த முக்கால் மணி நேரமும் சிவகரன் அந்த அறை வாசலைவிட்டு அசையவில்லை. தேத்தண்ணீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம், "ஃபோனை நிப்பாட்டுங்கோ, உள்ளை நேர்முகம் நடக்குது" என்று அடக்கிய குரலில் அதட்டினார். கலியாண வீட்டிலிருந்து வந்த மூன்று அழைப்புகளையும் எடுக்கவில்லை.

ஜெசிதா சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். "நல்லாச் செய்தனான் அண்ணை. வாசலிலை நிண்டதுக்கு நன்றி."

"அதுக்கென்ன பிள்ளை. நான் நாலு தரம் மூடினதாலைதான் அஞ்சாந் தரம் ஒழுங்காத் திறந்தது."

பொய் சொல்லவில்லை. மனதார நம்பினார்.

'இவ்வளவு பாடு எதற்கு, நானென்றால் ஒரு நிமிடத்தில் சரிசெய்திருப்பேனே' என்று உங்கள் விரல் துடிக்கிறதா? துடிக்கட்டும். கையை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.