படத்தில் இல்லாத வீடு

பெரியப்பா மிக்கேல்ராஜ் அவர்களுக்கு நான்சி எழுதுவது,

நீங்கள் ஒச்சம்மாக்காவின் வீட்டை அழித்தீர்கள். ஒற்றை விரலால், செல்போனில். மரியே வாழ்க. இங்கு யாவரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் நலமா? வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டதால் இந்தத் தபால்.

சுற்றுலா வருபவர்களுக்கு இணையத்தில் நாள் வாடகைக்கு விடும் நம் ஆத்தூர் மாடி வீட்டை நான் உள்ளபடிதான் படம் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு எதிரே அக்காவின் வீடு, ஆடுகள், கொடியில் பாவாடை எல்லாம் இருந்தன. நீங்கள் தடவித் தடவி அத்தனையையும் புல்வெளியாக்கி, ஆத்தூர் அணையையும் இழுத்து வந்து ஜன்னலடியில் விட்டீர்கள், அவசரத்தில் ஒரு ஆட்டின் பின்பாதி மட்டும் தப்பித்துப் புல்லில் நின்றது, அதையும் நம்பிச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, அந்த மனிதர் காலையில் அரைக்கால் சட்டையோடு அணையைத் தேடி ஜன்னலைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு வாசமும் ஒச்சம்மாக்காவும். “சாப்டியா அப்பு?” என்று அக்கா கேட்க, “இந்த வீடு போட்டோவில இல்லையே” என்று அவர் திகைக்க, “இந்த மாடி வீட்டுக்கு முந்தியே நாங்க இங்கன இருக்கோம். போட்டோவுக்குக் கண்ணு தெரியலைன்னா நான் என்ன செய்ய?” என்றார் அக்கா. வந்தவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்.

படத்தைத் திருத்துங்கள் என்றேன். நீங்கள் ஊரைத் திருத்தினீர்கள். “படத்துல இல்லாதது நேர்லயும் இருக்கக் கூடாது” என்று சட்டம் பேசி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகர வேலி அடித்துவிட்டீர்கள். இப்போது அக்கா தெருக்குழாய்க்குக் குடத்தோடு பொம்மையன் தோட்டத்தைச் சுற்றி நடக்கிறார். நீங்கள் அடைத்தது பஞ்சாயத்துப் பாதை. ஞாயிறு பூசையில் பிறரன்பு வாசகம் வாசிப்பதும் நீங்கள்தான். குரல் நன்றாக இருக்கிறது.

அக்கா வீட்டுப் பக்கம் நின்று புதிதாகப் படம் எடுத்திருக்கிறேன். ஆடு, பாவாடை, தகரம், எதையும் தொட மாட்டேன். உள்ளது உள்ளபடி மட்டுமே ஏறும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்களுக்கு மாதாவின் ஆசீரும் நல்ல மூக்குக்கண்ணாடியும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,
நான்சி

பின்குறிப்பு: படங்களை அக்காவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “ஏந்தாயி, எம்வீடு லச்சணமாத்தான் இருக்கு. பின்னாடி இந்த மாடி வீடுதான் கண்ணை உறுத்துது. அதை அழிச்சிரேன்” என்றார். மறுக்க முடியவில்லை. தகரத்தோடு சேர்த்து அழித்தேன். உங்கள் பாஸ்வேர்டு இன்னும் பெரியம்மா பெயர்தான் என்பதால் ஏற்றியும் விட்டேன். சனிக்கிழமை ஒரு குடும்பம் கொடைரோடு ஸ்டேஷனில் வந்து இறங்குகிறது. ஆடுகள் இருக்கும்தானே என்று கேட்டிருக்கிறார்கள். படத்தில் தகரமும் இல்லை, மாடி வீடும் இல்லை. உங்கள் சட்டப்படி முதலில் எதை அகற்றப் போகிறீர்கள், பெரியப்பா?